பவர் மாட்யூல் லேஅவுட்டைக் கணினியிடம் கொடுப்பது எப்படி?

பவர் மாட்யூல் என்பது பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சிப்களை ஒரே தகட்டில் வைத்த பெட்டி; எந்தச் சிப் எங்கே என்பதுதான் லேஅவுட். அதைக் கையால் வரைந்து, சிமுலேஷனில் போட்டு, சரிவராமல் மறுபடி வரைவது நாள்கணக்கில் இழுக்கும் வேலை. அதைக் கணினி செய்யும். ஆனால் எதை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை அங்கே செலவிடுங்கள்.

1200 வோல்ட் சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் (ஸ்விட்சாக இயங்கும் சிப்) வைத்த ஒரு ஹாஃப் பிரிட்ஜை, அதாவது மேலும் கீழுமாகத் தொடராக இணைத்த இரண்டு ஸ்விட்ச் கொண்ட சுற்றை, எடுத்துக்கொள்வோம். மேல் ஸ்விட்சுக்கு இணையாக 2 சிப், கீழ் ஸ்விட்சுக்கு 2. ஒவ்வொன்றும் 5 மி.மீ. சதுரம்.

படி 1: இலக்கை எண்ணில் எழுதுங்கள்

ஸ்விட்ச் அணையும்போது 400 ஆம்பியர் 80 நானோ நொடியில் இறங்குகிறது. லூப் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சுற்றும் பாதை அதன் மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) 20 நானோஹென்றி என்றால் 100 வோல்ட் கூடுதலாக எகிறும். 800 வோல்ட் பஸ்ஸில் (மாட்யூலுக்கு மின்சாரம் தரும் டிசி லைன்) சிப் தாங்க வேண்டியது 900 வோல்ட். இண்டக்டன்ஸைக் குறைக்கச் சிப்களை நெருக்கினால் சூடு ஏறும். குறைக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

படி 2: வரிசையும் இடைவெளியும்

பலர் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. சிப்புக்கு நேரடியாக எக்ஸ், ஒய் எண் கொடுக்காதீர்கள். எதற்கு அடுத்து எது, நடுவில் குறைந்தது எவ்வளவு இடைவெளி என்று மட்டும் எழுதுங்கள். சிப்கள் உட்காருவது டிபிசி தகட்டில், அதாவது பீங்கான் மேல் செம்பு ஒட்டிய தகட்டில். மேல் ஸ்விட்ச் வரிசையை இடமிருந்து வலமாகக் கூட்டிப் பார்ப்போம்: பீங்கான் விளிம்பு 1, செம்பு விளிம்பு 1, சிப் 5, இடைவெளி 2, சிப் 5, செம்பு விளிம்பு 1, பீங்கான் விளிம்பு 1. மொத்தம் 16 மி.மீ.

உங்கள் டிபிசி தகடு 20 மி.மீ. அகலம் என்றால் 4 மி.மீ. மிச்சம். அந்த 4-ஐ ஏழு இடங்களில் எப்படிப் பங்கிடுவது என்பதுதான் கணினி தேடும் விடை. சிப் அளவு மாறாது என்பதால் அந்த இரண்டு இடங்களுக்கும் பங்கு பூஜ்யம் என்று பூட்டிவிடுங்கள். இப்படிச் செய்தால் எப்படிப் பங்கிட்டாலும் விதி மீறாத லேஅவுட்தான் கிடைக்கும். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகம் உருவாக்கிய பவர்சிந்த் மென்பொருளும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது.

படி 3: வேகமான மதிப்பீடு

ஆயிரக்கணக்கான லேஅவுட்டுகளை ஃபைனைட் எலிமென்ட்டில் (பொருளைச் சிறு துண்டுகளாக்கிக் கணக்கிடும் மெதுவான சிமுலேஷன்) ஓட்ட முடியாது. எளிய சூத்திரம் போதும். சூடு பக்கவாட்டில் பரவாது என்று கொண்டால், 100 வாட் விடும் சிப்புக்குக் கீழே 0.38 மி.மீ. அலுமினா பீங்கான் மட்டுமே சுமார் 63 டிகிரி ஏற்றும். 0.635 மி.மீ. அலுமினியம் நைட்ரைடு, தடிமன் கூடியும், 15 டிகிரிதான். லேஅவுட்டில் மல்லுக்கட்டும் முன் பீங்கானை முடிவு செய்துவிடுங்கள்.

படி 4: தேடல்

ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேப் குழுவினர் உருவாக்கி 2002-ல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 என்ற தேடல் முறை தொடங்குவதற்கு நல்லது. பைத்தானில் பைமூ நூலகத்தில் இருக்கிறது. அது ஒரே விடை தராது. ஒன்றைக் கெடுக்காமல் இன்னொன்றை மேம்படுத்த முடியாத லேஅவுட்டுகளின் வரிசையைத் தரும். அதில் இண்டக்டன்ஸ் சற்றே கூடி, சூடு சட்டென்று இறங்கும் வளைவுப் பகுதியில் இரண்டு மூன்றைப் பொறுக்குங்கள்.

படி 5: சரிபார்ப்பு

பொறுக்கியவற்றை மட்டும் முழு 3டி சிமுலேஷனில் ஓட்டுங்கள். இணைச் சிப் இரண்டுக்கும் கேட் பாதை (ஸ்விட்சைத் திறந்து மூடும் சிக்னல் செல்லும் வழி) ஒரே அளவா, சிப்பில் கம்பி ஒட்டும் ஒயர் பாண்டிங் கருவியின் முனை இறங்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அந்த இடைவெளியையும் ஒரு விதியாகச் சேர்த்து, படி 2-லிருந்து மறுபடி ஓட்டுங்கள்.