எண்டோஸ்கோபி டெக்னீஷியன் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முக்கியமாக லீக் டெஸ்ட்

கையுறை போடுங்கள், நோயாளியின் பெயரைச் சரிபாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். புதிதாக வரும் பிள்ளைகள், நாங்கள் சேர்ந்த புதிதில் செய்து திட்டு வாங்கிய அதே தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். அதில் சிலவற்றுக்கு விலை அதிகம். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

அறையில் முடிக்க வேண்டியதைக் கழுவும் அறைக்குத் தள்ளுவது

ஸ்கோப் (நோயாளியின் உடலுக்குள் விடும் கேமராக் குழாய்) வெளியே வந்ததும், அது படம் காட்டும் மெஷினோடு இணைந்திருக்கும்போதே, சோப்புக் கரைசலில் நனைத்த நூல் உதிராத துணியால் மேலிருந்து நுனி வரை துடைக்க வேண்டும். அதே கரைசலை சக்‌ஷன் வழியாக உறிஞ்சவிட்டு, காற்று–தண்ணீர் சானலையும் (ஸ்கோப்புக்குள் ஓடும் மெல்லிய குழாய்) அதற்கான வால்வைப் போட்டு அலச வேண்டும். “அடுத்த கேஸ் டேபிளுக்கு வந்துவிட்டது, அப்புறம் சேர்த்துக் கழுவிக்கொள்ளலாம்” என்று ட்ரேயில் போட்டுவிட்டுப் போனால், சானலுக்குள் இருக்கும் ரத்தமும் சளியும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் கையால் கழுவும் வேலை தொடங்கிவிட வேண்டும். தாண்டிவிட்டால் வழக்கமான கழுவல் போதாது. அந்த ஸ்கோப்பின் கையேட்டில் தாமதமான ஸ்கோப்புக்கென்று தனியாகச் சொல்லியிருக்கும் ஊறவைக்கும் முறைக்குப் போக வேண்டும்.

“லீக் டெஸ்ட் பண்ணியாச்சு அண்ணா”

லீக் டெஸ்ட் என்றால், கழுவுவதற்கு முன் ஸ்கோப்புக்குள் காற்றை ஏற்றி, எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ‘பண்ணியாச்சு’ என்ற பதிலை நான் நம்புவதே இல்லை. எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தாலும் எரிச்சல் தீராத விஷயம் இது ஒன்றுதான்.

ஒரு நாள் கொலனோஸ்கோபியில் (பெருங்குடல் பரிசோதனை) பாதி வழியில் படம் மங்கியது. உதவிக்கு நின்ற பையன் ஸ்கோப்பை வெளியே எடுத்து நுனியை காஸ் துணியால் துடைத்தான், மறுபடி துடைத்தான். டாக்டர் தண்ணீர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தார். படம் தெளியவில்லை. மங்கல் லென்ஸின் உள்பக்கம் இருந்தது. பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், அன்றைய எல்லா கேஸுக்கும் நேராக ‘லீக் டெஸ்ட் – சரி’ என்று ஒரே சாய்வில் டிக். இன்னும் தொடங்காத மாலை கேஸ்களுக்கும் சேர்த்து! காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் போட்டிருக்கிறான்.

காரணம் பிறகு தெரிந்தது. முந்தைய கேஸில் ஊசி போட்ட இஞ்செக்‌ஷன் நீடிலை உறைக்குள் இழுக்காமல் சானல் வழியாக உருவியிருக்கிறார்கள். சானலில் ஒரு சின்னக் கீறல். கீறலோடு நின்றிருந்தால் ரிப்பேர் செலவு குறைவு. டெஸ்ட் பண்ணாமல் கரைசலில் மூழ்கவைத்ததால் தண்ணீர் உள்ளே போய் கேமராவையே கெடுத்தது. ஸ்கோப் ரிப்பேருக்குப் போனது, பட்டியலில் இருந்த நோயாளிகள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஸ்கோப்பின் கருப்புத் தோலுக்கும் உள்ளே ஓடும் சானல்களுக்கும் நடுவே ஓர் அடைபட்ட இடம் இருக்கிறது. கேமராவின் மின்கம்பிகள், நுனியை வளைக்கும் மெல்லிய இழுகம்பிகள், ஒளி இழைகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. சொட்டுத் தண்ணீர் போனாலும் துருவும் மங்கலும் ஆரம்பம். போவது தண்ணீர் மட்டுமா? நோயாளியின் உடல் திரவமும்தான். அங்கே எந்த பிரஷும் எட்டாது.

வேலை சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். ஆனால் வரிசை தப்பினால் டெஸ்ட்டே ஸ்கோப்பைக் கெடுத்துவிடும். வால்வுகளைக் கழற்றுங்கள். மின் இணைப்புக்கு மூடி வேண்டிய மாடல் என்றால் மூடியைப் போடுங்கள். லீக் டெஸ்டரின் (காற்று ஏற்றும் கருவி) காற்றைத் திறந்து, அதன் முனையில் இருக்கும் பின்னை லேசாக அழுத்திப் பாருங்கள். உஸ்ஸென்று காற்று வர வேண்டும். வராத டெஸ்டரை மாட்டிவிட்டு ‘குமிழ் இல்லை, ஸ்கோப் சரி’ என்று சொன்னவர்களும் உண்டு. முனை ஈரமாக இருந்தால் துடையுங்கள், இல்லாவிட்டால் அந்த ஈரத்தை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள். ஸ்கோப் தண்ணீருக்கு வெளியே இருக்கும்போதே மாட்டிக் காற்றை ஏற்றுங்கள். நுனிப் பக்கத்து ரப்பர் லேசாக உப்புவது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் தண்ணீர், அதுவும் சோப்பு கலக்காத தண்ணீர். நுரையில் குமிழ் தேட முடியாது.

முழுவதும் மூழ்கியதும் சிரிஞ்சால் சானல்களுக்குள் தண்ணீரை ஏற்றி, அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். முதலில் வரும் குமிழ்கள் அந்தக் காற்றுதான், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஒரே இடத்திலிருந்து விடாமல் வந்துகொண்டிருப்பது லீக்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்கோப்பை நேராகப் போட்டு, ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். வளையும் பகுதியின் ரப்பரில் இருக்கும் ஊசிமுனை ஓட்டை, நேராக இருக்கும்போது மூடிக்கொள்ளும். வளைத்து இழுபட்டால்தான் வாய் திறக்கும். அதனால் இரண்டு சக்கரங்களையும் மேல், கீழ், இடம், வலம் என்று கடைசி வரை திருப்பி, கைப்பிடியில் இருக்கும் பட்டன்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி, அவசரப்படாமல் பாருங்கள். அரை நிமிடமாவது கண் தண்ணீரை விட்டு அகலக் கூடாது.

முடிந்ததும் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கோப்பைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள். பிறகு காற்றை நிறுத்தி, உப்பிய ரப்பர் பழைய நிலைக்கு வந்த பிறகு ஸ்கோப்பிலிருந்து டெஸ்டரைக் கழற்றுங்கள். தண்ணீருக்குள்ளேயே கழற்றினால், நல்ல ஸ்கோப்புக்கும் நீங்களே வழி திறந்துவிட்டதாக அர்த்தம்.

குமிழ் வந்துவிட்டதா? அந்த ஸ்கோப் அடுத்த நோயாளிக்குப் போகாது, கழுவும் மெஷினுக்கும் போகாது. லீக் எங்கே என்று சீட்டு எழுதிக் கட்டி, பொறுப்பாளரிடம் சொல்லி, கம்பெனி கையேடு சொல்கிறபடி அனுப்புங்கள். “இந்த ஒரு கேஸ் மட்டும் முடித்துவிடலாமே” என்று யாராவது கேட்பார்கள். கேட்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பதில் ‘முடியாது சார்’தான்.

மெஷின் கழுவிவிடும் என்ற நினைப்பு

கையால் பிரஷ் போடாமல் விட்ட அழுக்கைக் கிருமிநீக்கி கரைக்காது. குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநீக்கி புரதத்தைக் கெட்டிப்படுத்தி சுவரில் ஒட்டவைத்துவிடும். இன்னொரு கிருமிநீக்கியான ஓ.பி.ஏ. கொஞ்சம் நேர்மையான ஆள்: மிச்சம் இருக்கும் புரதத்தைச் சாம்பல் நிறமாக்கிக் காட்டிக்கொடுக்கும். பயாப்ஸி வாயில் (சதை எடுக்கும் கருவியை நுழைக்கும் திறப்பு) அந்தச் சாம்பல் கறையைக் கண்டால் கெமிக்கலைக் குறை சொல்லாதீர்கள். பிரஷ் போட்ட கையைத்தான் கேட்க வேண்டும். சானல் அளவுக்கேற்ற பிரஷ்ஷைத் தண்ணீருக்குள் வைத்தே செலுத்தி, மறுமுனையில் வெளியே வரும் தலையைக் கழுவிவிட்டுப் பின்னால் இழுங்கள். அழுக்கு வருவது நிற்கும் வரை இதே வேலைதான். சக்‌ஷன் வால்வு உட்காரும் குழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓ.பி.ஏ. 14 நாள் வரும் என்று தேதியை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு தடவையும் வீரியம் இருக்கிறதா என்று டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்கள்.

இ.ஆர்.சி.பி. (பித்தநாளம், கணையநாளம் பார்ப்பது) ஸ்கோப்பின் நுனியில், உள்ளே விடும் கருவியைத் தூக்கிக் கொடுக்கும் எலிவேட்டரைத் தூக்கியும் இறக்கியும் இரண்டு நிலையிலும் பின்பக்கம் வரை பிரஷ் போட வேண்டும். கழுவும் முறையைச் சரியாகப் பின்பற்றினாலும் இந்த அமைப்பில் கிருமி தங்கக்கூடும் என்று அமெரிக்காவின் உணவு–மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015 பிப்ரவரியில் எச்சரித்தது. பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் அப்படித்தான் நோயாளிக்கு நோயாளி பரவின.

ஸ்னேரைப் பிடித்து இறுக்குவது

ஸ்னேர் என்பது பாலிப்பை (குடலின் உள்சுவரில் வளரும் சதை) சுற்றிப் பிடித்து அறுக்கும் கம்பி வளையம். டாக்டர் ‘க்ளோஸ்’ என்றதும் கைப்பிடியை ஒரே இழுப்பாக இழுக்கும் கைகள் இருக்கின்றன. கரண்ட் கொடுப்பதற்கு முன்பே கம்பி பாலிப்பை அறுத்துவிடும், ரத்தம் கொட்டும். ஸ்னேரை உள்ளே விடுமுன் வெளியே மூடிப் பார்த்து, கம்பி உறைக்குள் போகும் இடத்துக்குக் கைப்பிடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மூடும்போது அந்தக் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் கை நிற்கிறதோ, அவ்வளவு சதை கம்பிக்குள் இருக்கிறது. மெதுவாக மூடி, கைக்குத் தடை தெரிந்ததும் நிறுத்தி, ‘பிடித்திருக்கிறது டாக்டர்’ என்று சொல்லுங்கள். சின்னப் பாலிப்புகளைக் கரண்ட் இல்லாமலேயே அறுப்பது இப்போது வழக்கம். அதனால் ‘கோல்டா, ஹாட்டா’ என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஃபோர்செப்ஸைச் சானலுக்குள் திறப்பது

ஃபோர்செப்ஸ் என்பது சதைத் துண்டு எடுக்கும் இடுக்கி. அதன் தலை படத்தில் தெரியும் வரை திறக்காதீர்கள். இழுக்கும்போது மூடியே இருக்கட்டும்.

ஃபார்மலினில் தோய்ந்த ஃபோர்செப்ஸ்

சதையை ஃபார்மலின் (சதை கெடாமல் காக்கும் கரைசல்) பாட்டிலில் உதறும்போது ஃபோர்செப்ஸ் வாய் ஃபார்மலினில் பட்டால், அதை அப்படியே திரும்ப உள்ளே விடக் கூடாது. எச்.பைலோரி என்ற இரைப்பைக் கிருமியைக் கண்டறியும் யூரியேஸ் டெஸ்டுக்கு எடுத்த துண்டு ஃபார்மலினைத் தொட்டால் அந்த டெஸ்ட் வீண். லேபிளைச் சதை விழுவதற்கு முன்பே ஒட்டுங்கள்.

ஈரத்தோடு மாட்டுவது

ஸ்கோப்பைத் தொங்கவிடுமுன் குறைந்தது 10 நிமிடம் சானல்களுக்குள் காற்று ஓட வேண்டும். வால்வுகளை மாட்டாமல் ஸ்கோப்பைத் தொங்கவிடுங்கள்.

ஸ்கோப் வந்த பெட்டியில் வைப்பது

அந்தப் பெட்டி ரிப்பேருக்கு அனுப்ப. உள்ளே இருக்கும் ஃபோமைக் கழுவ முடியாது.