பதற்றமான நேரத்தில் இசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொதித்துப்போன கூட்டத்தின் நடுவே மெல்லிய இசையைப் போட்டால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. இசைக்கு மனதை ஆற்றும் வலு உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை யார் போடுகிறார்கள், எதற்காகப் போடுகிறார்கள் என்பதை மக்கள் பாட்டைக் கேட்பதற்கு முன்பே எடைபோட்டுவிடுவார்கள்.

2022 பிப்ரவரியில் நியூசிலாந்தின் வெலிங்டனில், கொரோனா தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்துப் போராட்டக்காரர்கள் நாடாளுமன்றப் புல்வெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களைக் கிளப்பச் சபாநாயகர் முதலில் புல்வெளிக்கான தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். அப்புறம் ஒலிபெருக்கியில் பழைய பாப் பாடல்களும் தடுப்பூசி விளம்பரங்களும் திரும்பத் திரும்ப ஓடின. கூட்டம் அந்தப் பாட்டுக்கே ஆடியது, பதிலுக்குத் தன் பாட்டையும் போட்டது. மார்ச் 2 அன்று போலீஸ் வந்து அப்புறப்படுத்தும்வரை கூடாரங்கள் அங்கேயே இருந்தன. எரிச்சலூட்டி விரட்டுவதற்காகப் போடும் பாட்டு யாரையும் ஆற்றாது.

இதற்கு நேரெதிர், 1968 ஏப்ரல் 5 அன்று பாஸ்டனில் நடந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாள். அமெரிக்காவின் பல நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன. கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் கச்சேரியை ரத்து செய்யலாமா என்று யோசித்த மாநகர நிர்வாகம், கடைசியில் அதைத் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்ப ஏற்பாடு செய்தது. நிறையப் பேர் வீட்டிலேயே இருந்து பார்த்தார்கள். கச்சேரியின் முடிவில் இளைஞர்கள் சிலர் மேடையில் ஏற, போலீஸார் அவர்களைத் தள்ளத் தொடங்கினார்கள். பிரவுன் போலீஸைப் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தானே அந்தப் பையன்களிடம் பேசி இறங்கவைத்தார். அன்றிரவு பாஸ்டன் பெரிய அளவில் எரியவில்லை. பாடியதோ தாலாட்டு இல்லை, துள்ளலான இசை. அவர் தங்களுடைய ஆள் என்று கேட்டவர்கள் நம்பினார்கள், அதுதான் வேலை செய்தது. மென்மையான ராகத்தைத் தேடி அலைபவர்கள் முதலில் அந்த மக்கள் மதிக்கும் பாடகரைத் தேட வேண்டும்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்குவார்கள். ஒரு மதத்தின் பக்திப்பாடலோ, ஒரு கட்சி மேடையில் ஒலித்த பாட்டோ எவ்வளவு இனிமையாக இருந்தாலும் எதிர்த்தரப்புக்குச் சீண்டலாகத்தான் படும். வார்த்தையில்லாத வாத்திய இசை ஓரளவு பாதுகாப்பானது. உயிர்ப்பலி நடந்திருந்தால் உற்சாகப் பாட்டு கூடவே கூடாது.

சத்தத்தைக் கூட்டிவைப்பது இன்னொரு ஆபத்து. எந்தப் பக்கம் வெளியேறலாம் என்ற அறிவிப்பு காதில் விழாது. அடிபட்டவர் கூப்பிடுவதும் கேட்காது. பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவு போதும். கூட்டத்திலிருந்து ஒருவர் பேச முன்வந்தால் உடனே இசையை நிறுத்திவிட வேண்டும். அவர் குரலை அமுக்கத்தான் பாட்டு என்று தோன்றிவிட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். கல் பறக்க ஆரம்பித்த பிறகு இசையை நம்புவதும் வீண். அப்போது ஆட்களைப் பத்திரமாக வெளியேற்றுவதுதான் வேலை.

வீட்டுக்குள் முடங்கியிருப்பவர்களுக்கும் சில விஷயங்கள். இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொள்ளாதீர்கள், வெளியே நடப்பது தெரிய வேண்டும். டிவியில் செய்தி அலற, பக்கத்தில் இசையும் ஓடினால் பலன் இருக்காது. செய்தியை அவ்வப்போது பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். இணையம் துண்டிக்கப்படலாம் என்பதால் பிடித்த பாடல்களை முன்பே டவுன்லோட் செய்து வையுங்கள். "மனஅமைதிக்கு" என்று யாரோ தொகுத்ததைவிட, உங்களுக்குப் பழகிய பாட்டுதான் சீக்கிரம் ஆற்றும். பயந்த குழந்தையிடம் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், மடியில் வைத்து நீங்களே பாடுங்கள், சுருதி சேராவிட்டாலும் சரி.