தோட்டாக்களை நெடுநாள் வைத்திருப்போர் செய்யும் தவறுகள்

உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை அடிக்கடி எடுத்துத் துடைத்து எண்ணெய் போடுவார்கள். தோட்டாப் பெட்டி மட்டும் பரணுக்குப் போய்விடும். முதல் தவறே அந்தப் பரண்தான். தோட்டாவுக்குள் இருக்கும் புகையற்ற வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது தானாகவே மெல்லச் சிதையும் பொருள். அதை அடக்கிவைக்க டைஃபீனைலமீன் போன்ற நிலைப்படுத்திகளைக் கலக்கிறார்கள். சூடு ஏற ஏற இவை சீக்கிரம் தீர்ந்துபோகும். கூரையடி, வெயிலில் நிற்கும் கார் இரண்டும் வேண்டாம். வெப்பம் ஏறி இறங்காத உள்ளறை அலமாரியே நல்ல இடம்.

ரப்பர் பட்டை வைத்த இரும்புப் பெட்டி வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மழைநாளில் மூடினால் ஈரக்காற்றும் உள்ளே பூட்டிக்கொள்ளும். வறண்ட நாளில் மூடுங்கள், சிலிக்கா ஜெல் பையும் போடுங்கள். குளிர்ந்த பெட்டியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தவுடன் திறந்தால் உலோகத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்; சற்று நேரம் அப்படியே விடுங்கள்.

பலருக்கும் தெரியாத எதிரி அம்மோனியா. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் முடிவதற்குள் விரிசல் விட்டுக் கிடந்தன. அவற்றை வைத்திருந்தது குதிரை லாயங்களில். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரம், சூடாக்காமல் இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மூன்றும் சேர்ந்த விளைவு என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களை அதே அலமாரியில் வைக்காதீர்கள். தோல் பெல்ட்டில் செருகி வைப்பதும் கெடுதல்தான். தோல் பதனிட்ட அமிலம் பட்டுப் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவவே கூடாது. அது அடிப்பக்கத்திலிருக்கும், அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடியான ‘கேப்’புக்குள் கசிந்தால் மருந்து பற்றாமல் போகலாம்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் ஆபத்தானது அசல் அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிவது. அளவும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அதில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டினால் என்ன ஆகும்? ‘போர்’ என்பது குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் விட்டம் குறையும். 20 போர் தோட்டா ஒன்று 12 போர் துப்பாக்கிக்குள் போனால் நழுவிக் குழலில் சிக்கி நிற்கும். வெளியே தெரியாது. காலியாக இருக்கிறது என்று பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துச் சிதறும், கையும் முகமும் போகும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தது இதற்காகத்தான். ஆகவே அளவுவாரியாகப் பிரித்து, வாங்கிய தேதி எழுதி, பழையதை முதலில் பயன்படுத்துங்கள்.

துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. எத்தனை வைத்திருக்கலாம் என்பதை உங்கள் உரிமத்தில் பாருங்கள்.

களிம்பு ஆழமாக அரித்தது, விரிசல் விட்டது, குண்டு உள்ளே அமுங்கியது எதையும் சுட்டுப் பார்க்காதீர்கள். குப்பையில் போடுவதும் புதைப்பதும் கூடாது. உரிமம் பெற்ற கடைக்கோ காவல் நிலையத்துக்கோ முதலில் தொலைபேசியில் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுக்கொண்டு ஒப்படையுங்கள்.