அமெரிக்கக் கல்லூரிக் கடிதத்தில் ‘அவார்ட்’ என்று இருந்தால் துள்ள வேண்டாம்

மூத்த மகளுக்குக் கல்லூரியிலிருந்து வந்த முதல் அவார்ட் லெட்டரில், அதாவது என்னென்ன பண உதவி என்று சொல்லும் கடிதத்தில், மொத்தம் 38,000 டாலர் என்று போட்டிருந்தது. அவார்ட் என்றதும் பரிசுதான் என்று எடுத்துக்கொண்டு, அன்றே ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கல்லூரிச் செலவு ஆண்டுக்கு 62,000. மீதி 24,000 தானே, சமாளித்துவிடலாம் என்று கணக்கு. ராத்திரி என் மனைவிதான் கடிதத்தை வரி வரியாகப் படித்துவிட்டு, "இதுல கடனும் இருக்கு போலயே" என்றாள்.

இருந்தது. நீங்களும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு இப்படிப் பிரியுங்கள். எங்கள் கடிதத்தில் கிராண்ட் 18,000, ஸ்காலர்ஷிப் 12,000. இரண்டும் திருப்பிக் கட்ட வேண்டாத பணம், ஆக 30,000. கிராண்ட் பெரும்பாலும் குடும்ப வருமானம் பார்த்துத் தருவது, மெரிட் ஸ்காலர்ஷிப் மதிப்பெண்ணுக்கோ திறமைக்கோ தருவது. அடுத்து வொர்க் ஸ்டடி 2,500. இது பில்லில் கழியும் பணம் இல்லை. பிள்ளை கல்லூரி நூலகத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்த்தால் சம்பளமாக வரும், அவ்வளவுதான். அப்புறம் சப்சிடைஸ்ட் லோன் 3,500, அன்சப்சிடைஸ்ட் லோன் 2,000. முதலாவதில் படிக்கும் காலத்து வட்டியை அரசாங்கம் கட்டும். இரண்டாவதில் பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஏறும். ஆகவே நாங்கள் புரட்ட வேண்டியது 24,000 இல்லை, 32,000. இதற்குப் பெயர் நெட் ப்ரைஸ்: மொத்தச் செலவில் இனாமாக வரும் பணத்தை மட்டும் கழித்தால் நிற்பது. சில கடிதங்களில் பேரன்ட் ப்ளஸ் லோனையும் (பெற்றோர் பெயரில் வாங்கும் அரசாங்கக் கடன்) சேர்த்து எழுதி, மீதி பூஜ்யம் என்று காட்டுவார்கள். அந்தக் கடன் முழுக்க உங்கள் தலையில்.

அந்த 62,000 என்பது காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ். டியூஷன் மட்டும் இல்லை, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்த மதிப்பீடு. இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது டியூஷனை வைத்து ஒப்பிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் இருக்கும். அரை மணி நேர வேலை, செய்துவிடுங்கள்.

இப்போது மகன் பதினோராம் வகுப்பு. பழைய தளங்களில் ஈ.எஃப்.சி., அதாவது குடும்பம் கட்டக்கூடியது என்று கணக்கிட்ட தொகை, என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். 2024–25 முதல் அது எஸ்.ஏ.ஐ., அதாவது ஸ்டூடன்ட் எய்ட் இண்டெக்ஸ். ஃபாஃப்சா என்கிற ஃபெடரல் அரசாங்க உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பினால் வரும் எண் அது. மைனஸ் 1,500 வரைகூடப் போகும். எண் குறையக் குறைய உதவிக்கு வாய்ப்பு கூடும். காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸில் இதைக் கழித்தால் வருவதுதான் ‘நீட்’ (need), அதாவது தேவை. நமக்கு எவ்வளவு தேவை என்பதை நாம் சொல்வதில்லை, படிவம் சொல்கிறது! முன்பு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் பெற்றோர் பங்கைப் பிரித்துப் போடுவார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். எஸ்.ஏ.ஐ. வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது.

ஃபாஃப்சாவில் பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமான வரிக் கணக்கை. 2027 இலையுதிர் காலத்தில் சேரும் பிள்ளைக்கு 2025 வருமானம். குடியுரிமையோ கிரீன் கார்டோ பிள்ளைக்கு இருந்தால் போதும், பெற்றோர் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் நிரப்பலாம். அந்த வேலை விசாவைச் சார்ந்த எச்-4 குடும்ப விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தருகிறதா என்று தனியாகக் கேளுங்கள். பல தனியார் கல்லூரிகள் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தையும் கேட்கும். ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்காது. சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் துருவித் துருவிக் கேட்கும்.

சேர்க்கைச் சொற்களில் ஆபத்தானது ஒன்றுதான்: எர்லி டிசிஷன். ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்கிறேன் என்று பிள்ளை, பெற்றோர், பள்ளி கவுன்சலர் மூவரும் கையெழுத்துப் போடுவது. உதவித்தொகை போதவில்லை என்றால் விலகலாம்தான். ஆனால் நாலு கடிதங்களை வரிசையாக வைத்து ஒப்பிடும் வசதி போய்விடும். எர்லி ஆக்ஷனில் இந்தக் கட்டு இல்லை, பதில் மட்டும் சீக்கிரம் வரும். இந்த முன்கூட்டிய சுற்றில் டிஃபர், அதாவது தள்ளிவைப்பு, ஆனது என்றால் நிராகரிப்பு இல்லை, ரெகுலர் விண்ணப்பங்களோடு மறுபடி பார்ப்பார்கள். மகளுக்கு அப்படி வந்தபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, தேவையே இல்லாமல். நீட் பிளைண்ட் என்றால் இடம் கொடுக்கும்போது உங்கள் பணநிலையைப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். இடம் கொடுத்தபின் முழுத் தேவையையும் தருவார்கள் என்று அர்த்தம் இல்லை.

வேலை போனது, பெரிய மருத்துவச் செலவு வந்தது என்றால், உதவித்தொகை அலுவலகத்துக்கு ஆதாரங்களோடு அப்பீல் எழுதலாம். அவர்களுக்குப் போன் செய்யும்போது நான் இப்போது கேட்பது இரண்டே கேள்வி: இதில் திருப்பிக் கட்ட வேண்டாத தொகை எவ்வளவு? அது நாலு வருஷமும் வர ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) எவ்வளவு இருக்கவேண்டும்? பதிலை மின்னஞ்சலிலும் வாங்கிவைத்துக்கொள்கிறேன்.