மாங்கொட்டை, பப்பாசி விதைச் சாறுகளில் பற்றீரியாத் தடுப்பைச் சோதிக்கும் முறை

பற்றீரியா பூசிய ஏகார் கிண்ணத்தில் விதைச்சாறு விட்ட குழியைச் சுற்றி, பற்றீரியா வளராத தெளிவான வளையம் வரவில்லையென்றால் விதையைக் குறை சொல்வதற்கு முன் சாறு எடுத்த விதத்தைப் பாருங்கள். மாங்கொட்டைக்குச் சரியாக வரும் முறை பப்பாசி விதையைக் கெடுத்துவிடும்.

மாம்பருப்பில் வேலை செய்வது துவர்ப்புத் தரும் தனின்களும் கலிக் அமிலம் போன்ற பீனோல்களும். இவை காய்ந்தாலும் நிற்கும். கறுத்தக்கொழும்பானோ விலாட்டோ, எதுவானாலும் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்து, துருப்பிடிக்காத உருக்குக் கத்தியால் மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் சீவுங்கள். இரும்புக் கத்தி பட்டால் வெட்டிய முகம் சற்று நேரத்தில் மை போலக் கறுக்கும். தனின் இரும்போடு சேர்ந்துவிட்டதென்று அர்த்தம். மாம்பழக் காலத்தில் சோளகம் புழுதியை வாரிக்கொண்டு வருவதால் வலை போட்டு மூடி, நிழலில் உலர்த்துங்கள். ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, அரைத்து வைத்த மாவில் பூஞ்சணம் பிடிக்கும்.

50 கிராம் மாவுக்கு 70 வீத எதனோல் 500 மில்லிலீற்றர். மூடிய போத்தலில் 48 மணித்தியாலம், இடையிடையே குலுக்கி, மஸ்லின் துணியிலும் பிறகு வடிதாளிலும் வடியுங்கள். எதனோலை ஐதாக்கக் காய்ச்சிவடித்த நீர்தான் வேண்டும். வன்னிக் கிணற்று நீரின் கடினத்தன்மை தேவையில்லாத உப்புகளைச் சேர்த்துவிடும். வடித்ததை அகன்ற தட்டில் ஊற்றி, 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீர்த்தொட்டியில், காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் தீ இல்லாமல் வற்றவிடுங்கள். கடைசியில் கபில நிறப் பசை மிஞ்சும். நாவல் விதைக்கும் இதே முறைதான். பாலை விதையில் எண்ணெய் அதிகம் என்பதால் முதலில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எண்ணெயை நீக்க வேண்டும்.

பப்பாசி விதை வேறு கதை. அதிலுள்ள முக்கியமான பொருள் பென்சைல் ஐசோதயோசயனேற்று. முழு விதையில் அது ஆயத்தமாக இருப்பதில்லை. விதை நசுங்கி நீர் சேரும்போதுதான் ஒரு நொதியம் அதை உண்டாக்குகிறது. விதையைக் கொதிக்க வைத்தால் நொதியம் அழியும். சாற்றை வற்றவைத்தால் பொருள் ஆவியாகிப் போய்விடும். ஆகவே பழுத்த பழத்தின் விதையை எடுத்து, 10 கிராமை 20 மில்லிலீற்றர் நீரோடு உரலில் இடித்து, மூடி 20 நிமிடம் விடுங்கள். மூடியைத் திறந்ததும் கடுகு இடித்த நெடி மூக்கில் ஏற வேண்டும். வடித்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். இன்னொரு 10 கிராமை இடிக்குமுன் கொதிக்கவைத்துப் பக்கத்தில் சோதித்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

மாம்பருப்புப் பசை 100 மில்லிகிராமை முதலில் 0.1 மில்லிலீற்றர் டீஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, பிறகு 0.9 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய நீரைச் சேருங்கள். நீரை முதலில் விட்டால் கட்டிபடும்.

பற்றீரியா வளரும் ஊடகம் முல்லர்-ஹின்டன் ஏகார்: லீற்றருக்கு 38 கிராம், கிருமிநீக்க 121 பாகையில் 15 நிமிடம், கிண்ணத்தில் 4 மில்லிமீற்றர் ஆழம். பற்றீரியாக் கலவையின் கலங்கல் 0.5 மக்ஃபார்லண்ட் என்ற நியமக் கலங்கல் அளவுக்கு இருக்க வேண்டும்; மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 15 கோடிக் கலங்கள். அதைவிடக் கூடினால் வளையம் சிறுக்கும், குறைந்தால் பெருக்கும். பாடசாலையென்றால் ஆசிரியர் மேற்பார்வையில் பசிலஸ் சப்டிலிஸ் போதும். நோய் உண்டாக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் உரிய ஆய்வுகூடத்துக்கு உரியது. கலவையைப் பஞ்சுக்குச்சியால் மூன்று திசையில் பூசி, 6 மில்லிமீற்றர் குழி வெட்டி, குழிக்கு 80 மைக்ரோலீற்றர் சாறு விடுங்கள். நூறைத் தாண்டினால் வழிந்து பொய் வளையம் தரும். ஒப்பீட்டுக்கு ஒரு குழியில் 10 வீத டீஎம்எஸ்ஓ மட்டும், பப்பாசிக் கிண்ணத்தில் அதற்குப் பதிலாகக் கிருமிநீக்கிய நீர், ஓரிடத்தில் 10 மைக்ரோகிராம் ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வில்லை. இவை இல்லாத முடிவுக்கு மதிப்பில்லை. பப்பாசிச் சாற்றின் ஆவி பக்கத்துக் குழியையும் பாதிக்குமென்பதால் அதற்குத் தனிக் கிண்ணம். கிண்ணங்களை 35 பாகையில் 16 முதல் 18 மணித்தியாலம் வளரவிடுங்கள்.

அளக்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மாம்பருப்புக் குழியைச் சுற்றி வெண்மையாக ஒரு கலங்கல் வட்டம் தெரியலாம். ஊடகத்திலுள்ள புரதத்தைத் தனின் படியச் செய்வதால் வருவது அது. பற்றீரியா பூசாத ஏகாரிலும் ஒரு குழி வைத்தால் இதைப் பிரித்தறியலாம். சாற்றின் பீஎச்சையும் பாருங்கள். புளிப்பான சாறு எதுவும் அமிலத்தாலேயே வளையம் போடும்.

26 மில்லிமீற்றர் வளையம் 13ஐவிட இரட்டிப்பு வலிமை என்று எழுதிவிடாதீர்கள். பெரிய தனின் மூலக்கூறு ஏகாரில் மெதுவாகத்தான் பரவும். ஒப்பிட வேண்டுமானால் 96 குழித் தட்டில் இரண்டிரண்டாக ஐதாக்கி, வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த தடுப்புச் செறிவைக் காணுங்கள். சாற்றின் நிறம் கலங்கலை மறைத்தால் ரெசசூரின் என்ற சாயத்தைச் சேர்க்கலாம்: நீலம் நின்றால் வளர்ச்சியில்லை, இளஞ்சிவப்பானால் வளர்ந்திருக்கிறது. தனினே அதன் நிறத்தை மாற்றக்கூடும் என்பதால் பற்றீரியா இல்லாத சாற்றுக் குழியொன்றும் வேண்டும்.

கடையில் விற்கும் கிரேப்ஃபுரூட் விதைச் சாற்றை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம். அப்படி விற்ற சிலவற்றைப் பகுத்தபோது பென்செதோனியம் குளோரைட்டு என்ற செயற்கைக் கிருமிநாசினிதான் வேலை செய்திருந்தது. வளையம் வந்ததென்று புண்ணில் பூசவும் வேண்டாம். ஏகாரில் தடுப்பது உடலில் பாதுகாப்பானது என்பதைக் காட்டாது.

அளந்து முடிந்த கிண்ணங்களைத் திறக்காமல் 121 பாகையில் 30 நிமிடம் அவித்த பிறகே குப்பைக்குக் கொடுங்கள்.