சேலத்துக்காரர்களுக்கு ஒரு பழைய பாய்மரப் படகு: வாங்குவது முதல் மேட்டூரில் இறக்குவது வரை

ஏற்காடு ஏரியை முதலில் மறந்துவிடுங்கள். சின்ன ஏரி, சுற்றிலும் மரமும் மேடும்; காற்று ஒரு திசையில் நிற்காமல் சுழலும். போதாததற்கு மிதிபடகுக் கூட்டம். பாய் விரிக்க இடம் என்றால் மேட்டூர் நீர்த்தேக்கம்தான். அதற்கும் நீர்வளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

தனியாளாக ஓட்ட லேசர் என்ற ஒற்றைப் பாய்ச் சிறுபடகு வகை போதும். நீளம் 4.23 மீட்டர், வெற்றுடல் சுமார் 59 கிலோ, பாய் 7 சதுர மீட்டர். பழசு தேடுபவர்கள் சென்னைப் பக்கம்தான் விசாரிக்க வேண்டும். பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள்; தண்ணீர் புகாத உடல்தான் முக்கியம். உடலை மட்டும் தராசில் ஏற்றுங்கள். பழைய இரும்புக் கடைத் தராசே போதும். 65 கிலோவைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அடுத்து, பாய்மரம் செருகும் குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. மணல் சேர்ந்த குழியில் பாய்மரம் திரும்பித் திரும்பி அறுப்பதால் வருவது இது. இதைச் சரிசெய்ய மேல்தட்டையே வெட்டித் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் படகை விட்டுவிடுவதே லாபம்.

பாய்மரக் குழாயில் ரிவிட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அலுமினியம் அரிக்கிறது என்று பொருள். பாய்மரம் இரண்டு துண்டாக வரும்; அதில் மேல் குழாயைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் அடைப்பு போய்விட்டது. படகு கவிழும்போது பாய்மரம் மிதக்காமல் படகைத் தலைகீழாக இழுத்துவிடும்.

மேல்தட்டும் அடியுடலும் சேரும் ஓரத்தில் கசிவு இருப்பது சகஜம். உடலுக்குள் காற்று போய்வரும் சிறு துளையை டேப்பால் அடைத்துவிட்டு, வடிகால் துளை வழியாக மெதுவாகக் காற்று ஊதி, ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி கிளம்பும் இடம்தான் ஓட்டை. கம்ப்ரஸரை மட்டும் வைத்துவிடாதீர்கள், ஒட்டே பிளந்துவிடும்.

அடியுடலில் விரிசல் இருந்தால் உள்ளூர் ஃபைபர் பட்டறைப் பொருளே போதும்: பாலியெஸ்டர் ரெசின் (இறுகும் பிசின்), சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழை மேட். விரிசலைச் சுற்றி மூன்று அங்குலம் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, இரண்டு அல்லது மூன்று அடுக்கு ஒட்டுங்கள். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். அதற்கு ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) 2 முதல் 4 கிராம். சித்திரை வெயிலில் 2 கிராமோடு நிறுத்துங்கள். கூடினால் பிரஷ்ஷைத் தொடுவதற்குள் டப்பாவிலேயே இறுகி, கை வைக்க முடியாமல் சுடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் தனியாக வந்தால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இரண்டுக்கும் ஒரே கரண்டிகூட வேண்டாம்.

பாயை இழுக்கும் கயிறு 8 மி.மீ. பாலியெஸ்டர், சுமார் 13 மீட்டர். நைலான் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும்.

இறக்குவதற்கு முன் செய்தியில் தினமும் சொல்கிற மேட்டூர் நீர்மட்டத்தைக் கவனியுங்கள். முழுக் கொள்ளளவு 120 அடி. வெகுவாக இறங்கும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். தெரிகிறபோது ஆபத்தில்லை, விலகிப் போய்விடலாம். நீருக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும்போதுதான் நடுப்பலகை (படகின் நடுவே நீருக்குள் இறங்கி நிற்கும் பலகை) மோதி உடையும். மட்டம் இறங்கிய கரையில் வண்டல் சேறு முழங்கால் வரை இழுக்கும், ஷூ போடாமல் இறங்காதீர்கள். மீன் வலை மிதவைகளுக்கு நடுவே புகுந்தால் சுக்கானில் வலை சிக்கும். அணைச் சுவர், மதகுப் பக்கம் போகவே கூடாது.

ஆடிக்காற்றில் கற்கத் தொடங்காதீர்கள். மேற்கே பாலமலையைத் தாண்டி வரும் காற்று ஒரு நேரம் செத்துப்போய், மறு நிமிடம் அறைந்தாற்போல் இறங்கும். மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் காற்று, அதுவும் கரைக்கு இணையாக வீசும் நாள் பாருங்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளும் காற்றில் புதியவர் திரும்பி வருவது பெரும்பாடு.

லைஃப் ஜாக்கெட் போட்டு, நீச்சல் தெரிந்த துணையோடு, மார்பளவு தண்ணீரில் முதல் நாள் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். பாய்க்கயிற்றைத் தளர்த்தி, முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பி, நடுப்பலகை உடலோடு சேரும் இடத்தில் ஏறி நின்று பின்னால் சாயுங்கள். நுனியில் நின்றால் பலகை முறியும். கயிறு இறுக்கமாகவே இருந்தால் நிமிர்ந்த படகு உடனே மறுபக்கம் சாயும்.

பிறகு காற்று பக்கவாட்டில் படும்படி போய் வாருங்கள். பாய் படபடக்கும் வரை கயிற்றை விட்டு, படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். காற்று வரும் திசைக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரிக்குள் படகு போகாது; காற்றை எதிர்த்துப் போக வளைந்து வளைந்துதான் வழி. திரும்பும்போது சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளுங்கள், முகப்பு காற்றைக் கடக்கும். காற்று முதுகில் இருக்கும்போது திரும்பினால் பாயின் கீழ்க்குழாய் தலையில் அடிக்கும். முதல் சில நாள் அதைத் தவிருங்கள். கயிற்றை எங்கும் கட்டிவைக்காமல் கையிலேயே பிடியுங்கள். தடுமாறினால் விட்டுவிடுங்கள், காற்று பாயை விட்டு வெளியேறிவிடும்.

கரையேறியதும் வடிகால் தக்கையைக் கழற்றிவிட்டு, படகை நிழலில் கவிழ்த்து வையுங்கள். மூடிய உடல் வெயிலில் கிடந்தால் உள்காற்று விரிந்து, சோப்புத் தண்ணீர் வைத்துத் தேடி அடைத்த ஓரமே மறுபடியும் விட்டுவிடும்.