அமெரிக்காவில் மாநில, நகரத் தொழிலாளர் சட்ட மாற்றங்களைத் தவறவிடாமல் இருக்க

முதலில் ஊழியர்கள் உண்மையில் வேலை செய்யும் இடங்களை மாநிலம், கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு), நகரம் எனப் பட்டியலிடுங்கள். அலுவலக முகவரியைவிட வேலை நடக்கும் இடமே பெரும்பாலும் சட்டத்தைத் தீர்மானிக்கும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் மாநிலம் மாறியது சம்பளப் பிரிவுக்குத் தெரியாமல் போனால், அங்கேதான் சிக்கல் தொடங்கும்.

கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். மாநிலமோ நகரமோ அதிகம் நிர்ணயித்திருந்தால் அதையே தரவேண்டும். பல கூலி உயர்வுகள் அமலுக்கு வரும் ஜனவரி 1-ஐ மட்டும் பார்த்தால் போதாது. லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் உயர்வு ஜூலை 1 அன்று வரும். நவம்பரிலும் மே மாதத்திலும் அரசு அறிவிப்புகளைப் படித்து, சம்பள மென்பொருள், கையேடு, சுவரில் ஒட்டும் அறிவிப்பு மூன்றையும் சேர்த்தே திருத்துங்கள்.

கூலியை மாற்றிவிட்டு நோய் விடுப்பை மறந்துவிடாதீர்கள்: கலிஃபோர்னியாவில் அது 2024 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 40 மணி நேரம் அல்லது 5 நாள்.